எக்ஸ்ப்ளிசிட்லி அக்கா

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஷிப்டையே ஓட்டிவிடலாம் என்று அவரைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. எனக்கு ஆங்கிலச் சொற்கள் நிறையவே தெரியும். மூன்று வருடம் ஆங்கில வழியில் வேதியியல் படித்தவள். ஆனால் அத்தனையையும் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோக்காரரிடம் "இங்கேயே நிறுத்துங்கள்" என்று சொல்ல வராமல், ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருகிறவள் நான்.

தேர்வாய் கண்டிகையில் ஓர் ஆலை. காரின் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக்கு முதுகில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அதைச் செய்கிற இடம். அச்சிலிருந்து வரும் மூடியை நாங்கள் தின்னர் என்ற கரைப்பானில் தொட்ட துணியால் துடைப்போம். பிறகு விளக்கடியில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பெயிண்டுக்கு அனுப்புவோம். நாங்கள் பதினான்கு பெண்கள். எங்களுக்கு மேலே லைன் லீடராக அவர். நாற்பது வயது இருக்கும். கும்மிடிப்பூண்டிக்கு உள்ளே ஒரு கிராமம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தலைமுடியை வலைத்தொப்பிக்குள் திணித்து, காதில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு, மேசைக்கு மேசை நடந்துகொண்டே இருப்பார். யாரையும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார். என்னை "கெமிஸ்ட்ரி" என்பார். பக்கத்து மேசைப் பெண்ணுக்கு அவள் இறங்கும் ஊரின் பெயர், "வேப்பம்பட்டு". அந்தப் பெண் கல்யாணமாகி ஊர் மாறிய பிறகும் வேப்பம்பட்டுதான்.

அந்தச் சொல் அவரிடம் வந்து சேர்ந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

எங்களிடம் மூடி வாங்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். எங்கள் மேசைக்கு மேல் வேலை முறையை எழுதிய அட்டை ஒன்று தொங்கும். அதில் "தேவையான அளவு துடைக்கவும்" என்று ஒரு வரி. வந்தவர் முதல் பெண்ணிடம் எத்தனை முறை துடைப்பீர்கள் என்று கேட்டார். மூன்று என்றாள். இரண்டாவது பெண், அழுக்குப் போகும்வரை என்றாள். மூன்றாவது பெண் உண்மை விளம்பி. அக்கா பார்க்கும்வரை என்றாள். அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டு போனார். எத்தனை முறை என்பது எக்ஸ்ப்ளிசிட்லி சொல்லப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி அறிக்கை வந்தது. அந்த ஒற்றை வரிக்காக மேலாளர் அக்காவை அரை மணி நேரம் நிற்க வைத்தார்.

மதியச் சாப்பாட்டில் அக்கா அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இது என்ன வார்த்தை என்று கேட்டார். நான் கைப்பேசியில் தேடி, வெளிப்படையாக, என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. தெளிவாக என்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார். அதற்குத் தனியாகக் கிளியர்லி இருக்கிறது என்றேன். அப்படியானால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். படித்தவளுக்கு வியர்த்துவிட்டது. தெளிவாகச் சொல்வது என்றால் புரிகிற மாதிரி சொல்வது. இது வேறு, அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று எதையும் விட்டுவிடாமல் வாயைத் திறந்து சொல்லிவிடுவது என்று இழுத்தேன். நம் அட்டை தெளிவாகத்தான் இருக்கிறது, எத்தனை முறை என்பதைத்தான் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். சொன்ன பிறகு, அது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் எலுமிச்சைச் சோற்றை இரண்டு வாய் சாப்பிடும்வரை யோசித்தார்.

"அதாவது, கேட்டவன் நாளைக்கி வந்து, ஐயோ நான் வேற மாதிரி இல்ல நெனச்சேன்னு சொல்றதுக்கு சந்து உடாம சொல்றது. அதானே?"

அதற்குப் பிறகு எத்தனையோ அகராதிகளைப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் இவ்வளவு கச்சிதமாக இல்லை.

மறுநாள் அட்டை மாறியிருந்தது. "மேலிருந்து கீழாக மூன்று முறை. துணியைத் திருப்பி ஒரு முறை. நிறுத்தவும்." அந்த "நிறுத்தவும்" அவருடைய சொந்தச் சரக்கு. இல்லாவிட்டால் சிலர் ஷிப்ட் முடியும்வரை துடைத்துக்கொண்டிருப்பார்கள் என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

அன்று பிடித்தது. நின்றால் எக்ஸ்ப்ளிசிட்லி, நடந்தால் எக்ஸ்ப்ளிசிட்லி. அதுவும் "எக்ஸ்ப்ளிசிட்லியா சொல்லு" என்பார். அந்தச் சொல்லின் வாலிலேயே "ஆக" இருக்கிறது, நாம் இன்னொன்று சேர்க்க வேண்டாம் என்று ஒருமுறை பணிவாக எடுத்துச் சொன்னேன். இரண்டு கோட்டு அடித்தால்தான் பெயிண்டு நிற்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

"தோ வந்துர்றேங்க்கா" என்று யாராவது எழுந்தால் போச்சு. எங்கே என்று கேட்பார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கதவுப் பக்கம் கண்ணைக் காட்டுவார்கள். கதவுப் பக்கம் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, செக்யூரிட்டி இருக்கிறார், கும்மிடிப்பூண்டியே இருக்கிறது, எதற்கு என்பார். பெயிண்ட் பகுதி ஆண்கள் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். அவரே முன்னுதாரணமாக, லைனின் நடுவில் நின்று, "நான் ஒண்ணுக்குப் போறேன். நாலு நிமிசம்" என்று அறிவித்துவிட்டுப் போவார். சரியாக நான்கு நிமிடத்தில் திரும்பி வருவார். ஆரம்பத்தில் பெயிண்ட் பகுதி ஆண்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்குத்தான் கூச்சமாகி, அவர் வாயைத் திறந்தாலே இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

சர்ச்சிலும் இதே தொல்லை என்று அவர் ஊர்ப் பெண் சொன்னாள். என் தேவைகளை நீர் அறிவீர் ஆண்டவரே என்று யாராவது ஜெபம் செய்தால் இவருக்கு ஆகாதாம். ஆண்டவரிடம் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நீதான் என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்பாராம்.

எங்கள் மேசையில் இரண்டு ட்ரே உண்டு. நல்ல மூடி பச்சையில், கீறல் விழுந்தது சிவப்பில். மூன்றாவதாக நாங்களே ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தோம். கீறலா, வெறும் துணி நூலா என்று தெரியாததை மேசை ஓரத்தில் தனியாக வைப்போம். அதற்கு டவுட்டு என்று பெயர். லைனிலேயே பெரிய டவுட்டு என்னுடையதுதான். சில நாள் பச்சையைவிட உயரமாக வளர்ந்துவிடும். வீட்டிலும் நான் அப்படித்தான். கேஸை மூடிவிட்டேனா என்று பார்க்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போகிறவள். அவர் ஒருநாள் வந்து என் டவுட்டு முழுவதையும் அப்படியே வாரிச் சிவப்பில் கொட்டினார். உனக்கு டவுட்டு என்றால் வாங்குகிறவனுக்கு அது கீறல், எழுதிக்கொள் என்றார். அன்று முதல் மேசை ஓரம் காலியாகவே இருக்க வேண்டும் என்று ஆயிற்று. எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. அந்த மூடிகளில் பாதி நல்லவை என்று இன்றைக்கும் தோன்றும்.

அவர் தடை செய்த சொற்களின் பட்டியலும் உண்டு. வேலையை விட்டு ஒரேயடியாக நிற்கிறவள் "போய்ட்டு வரேங்க்கா" என்பாள். எங்கே வரப்போகிறாய், போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ என்பார். நல்ல நாளும் அதுவுமாகப் போகிறேன் என்று யார் சொல்வார்கள்? கேட்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் அவருக்கு நிஜமாகவே ஆகாத சொல் "பாக்கலாம்". ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வருகிறாயா என்று கேட்டு, யாராவது பாக்கலாங்க்கா என்று சொல்லிவிட்டால், ரப்பர் சாப்பிட்டவர் மாதிரி முகம் போகும். வரமாட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா என்பார். காரணத்தை ஒரே ஒரு முறைதான் சொன்னார், அவருடைய அப்பாவின் கதையாக, அதுவும் சிரித்துக்கொண்டே.

"எங்க நைனா ஒருத்தர் நெலத்துல வேல செஞ்சிக்கினு இருந்தாரு. ஊடு கட்டிக்க ஓரமா ரெண்டு சென்ட்டு எடம் குடுங்கன்னு கேட்டாரு. பாக்கலாம்னாரு அவுரு. எங்க நைனா பதினோரு வருசம் பாத்துக்கினே இருந்தாரு. இப்ப அந்த நெலத்துல கம்பெனி நிக்குது. பாத்தாச்சி."

நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டுமா என்று அப்புறம் யோசித்தேன்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் அவர் ஏதோ நீதிதேவதை என்று தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. வேப்பம்பட்டைப் பெண் பார்க்க வந்த நாளில் நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். பொன்னேரிப் பக்கத்து மாப்பிள்ளை. பஜ்ஜி, கேசரி, காபி எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். அது என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் தெரியும். எல்லோரும் பல்லைக் காட்டினோம். அக்கா மட்டும் வாசற்படியில் போய் நின்றுகொண்டார்.

"புடிச்சிருக்கா இல்லியான்னு எக்ஸ்ப்ளிசிட்லியா சொல்லிட்டுப் போங்க பெரியவரே. ஊருக்குப் போனா மட்டும் பொண்ணு மொகம் மாறிடப் போவுதா? நாலு தட்டு பஜ்ஜி போயிருக்குது."

பெரியவர் திணறினார். அவர் மனைவி திணறவில்லை. பெண் கொஞ்சம் நிறம் கம்மி, பையன் யோசிக்கிறான் என்று நடுக்கூடத்தில் வைத்துச் சொல்லிவிட்டார். உள்ளறையில் வேப்பம்பட்டு புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பதிலாகத் திரைச்சீலைதான்.

ஒரு மாதம் அவள் அக்காவிடம் பேசவில்லை. எனக்கும் கோபம்தான். சில விஷயங்கள் சொல்லப்படாமல் இருப்பது ஒரு மரியாதை, அந்த மரியாதையில்தான் நாமெல்லாம் வாழ்கிறோம் என்று அவரிடம் சொல்ல நினைத்து, வழக்கம்போலச் சொல்லாமல் விட்டேன். அவரே ஒருநாள் வேப்பம்பட்டின் மேசைக்கு வந்து, சொல்லாமல் விட்டிருந்தால் பதினைந்து நாள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், இப்போது ஒரே நாளில் அழுது முடித்துவிட்டாய், எது மேல் என்றார். அவள் அடுத்த மூடியை எடுத்துத் துடைத்தாள். எது மேல் என்று எனக்கும் தெரியவில்லை. டவுட்டு ட்ரேயும் இல்லை, எங்கே வைப்பது?

இனிச் சொல்லப்போவது என்னைப் பற்றி.

அந்த ஆலையில் சேர்வதற்கு முந்தைய வருடம் எனக்கு ஒரு கரு நின்று கலைந்திருந்தது. நாற்பதாவது நாளே என் கணவர் மணவாள நகர்த் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்துவிட்டார். எட்டாவது வாரத்தில் போயிற்று. இனிப்பு வாங்கித் தின்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். கண்ணு பட்டுவிட்டது என்று என் மாமியார் முடிவு செய்தார். வேதியியல் படித்த நான் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை.

அதனால் இரண்டாவது முறை நாள் தள்ளிப்போனபோது மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மூணு மாசம் நெறையிற வரைக்கும் வாயத் தொறக்காத. ஒன் அம்மாகிட்டகூட." சரி என்றேன். இந்த வழக்கம் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொல்லவும் கூடாது, ஆனால் சுற்றி இருப்பவர்கள் தாங்களாகவே தெரிந்துகொண்டு, தெரியாத மாதிரியே பார்த்துக்கொள்ள வேண்டும். பாரமான பையை வாங்கிக்கொள்வார்கள். பஸ்ஸில் இடம் தருவார்கள். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சிக்கல் என் மேசையில் இருந்தது. தின்னர். அந்தத் திரவத்தின் ஆபத்துகளைப் பற்றி ஒரு தாள் சுவரில் ஒட்டியிருக்கும். லைனில் அதைப் படித்த ஒரே ஆள் நான்தான். படித்திருக்க வேண்டாம். "பிறக்காத குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுகிறது" என்று ஒரு வரி. யார் சந்தேகிக்கிறார்கள்? எவ்வளவு? எட்டு மணி நேரத்துக்கா, எட்டு வாரத்துக்கா? துணியை எடுக்கும்போது ஒரு பயம். வாயைத் திறக்க நினைத்தால் இன்னொரு பயம். சொல்லி, மறுபடியும் போய்விட்டால், நான் சொன்னதால்தான் போயிற்று என்று ஆகிவிடும். சொல்லாமல் போய்விட்டால், நான் துடைத்ததால்.

ஆகவே அக்காவே தெரிந்துகொள்ளட்டும் என்று குறிப்புக் காட்டத் தொடங்கினேன். தின்னர் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நேற்று ஒத்துக்கொண்டதே என்றார். தலை சுற்றுகிறது என்றேன். நாஷ்டா சாப்பிட்டாயா என்றார். லைனில் மற்ற பெண்கள் எல்லோரும் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். வேப்பம்பட்டு ஒன்றும் பேசாமல் என் டப்பாவில் மாங்காய்க் கீற்றை வைத்துவிட்டுப் போனாள். இவருக்கு மட்டும் விளங்கவில்லை.

கடைசி அஸ்திரம், பப்பாளி. கேன்டீனில் புதன்கிழமை ஆளுக்கு இரண்டு துண்டு பப்பாளி உண்டு. நான் அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். பப்பாளியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன். அவர் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். எனக்கு இது வேண்டாம் அக்கா, இப்போது சாப்பிடக் கூடாது என்று, ஒவ்வொரு சொல்லாக, கண்ணைப் பார்த்துச் சொன்னேன். மேசையில் இருந்த ஆறு பெண்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கர்ப்பிணிக்குப் பப்பாளி ஆகாது என்று தெரியாத பெண் இந்த ஜில்லாவில் கிடையாது.

"வேணாமா? குடு" என்று என் இரண்டு துண்டையும் எடுத்துத் தின்றுவிட்டார்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கண் இருட்டியது. விழவில்லை. அவர் என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கொட்டகையின் பின்பக்கம், காற்று அடிக்கிற கம்ப்ரசர் ஓடும் இடத்துக்கு இழுத்துப் போனார். அங்கே பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ரகசியம் பேச அந்த ஆலையில் அதைவிட நல்ல இடம் இல்லை. என்ன வேண்டும் உனக்கு என்று கத்தினார். உங்களுக்குத் தெரியாதா அக்கா என்று நான் கத்தினேன்.

"தெரியும். பப்பாளி துன்னும்போதே தெரியும். மேச மாத்துற ஃபார்ம்ல இன்னான்னு எழுதட்டும், பப்பாளி துன்னலன்னா? எனக்கு முன்ன இருந்த லீடரு, ஒரு பொண்ணு வாந்தி எடுத்தத வச்சி, மாசமா கீறான்னு அவராவே எழுதிக் குடுத்து லைன உட்டுத் தூக்கினாரு. கடைசில பாத்தா அதுக்கு அல்சரு. அல்சருக்கு வேல போச்சி. நானா நெனச்சிக்கினு யாரையும் தூக்க மாட்டேன். நீ சொல்லு. சொன்னா இன்னிக்கே மேச மாத்துறேன்."

நான் முழுகாமல் இருக்கிறேன் என்றேன். எங்கள் வீடுகளில் இதற்கு அதுதான் சொல். அவர் காதில் விழுந்தது. விழுந்தது என்று எனக்குத் தெரியும். ஏன், ஊட்ல தண்ணி வரலியா என்று கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் நினைவிருக்கிறது. மாமியார் பிடித்த கை, தெருவில் கொடுத்த இனிப்பு, சுவரில் இருந்த சந்தேகிக்கப்படுகிறது, எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"என் வயித்துல கொழந்த இருக்குக்கா. ரெண்டாம் மாசம்."

கம்ப்ரசர் இருக்கிறதே, தொட்டியில் காற்று நிரம்பிவிட்டால் தானாக நின்றுவிடும். "கொழந்த" என்ற இடத்தில் நின்றது. மிச்ச வாக்கியம் முழுவதும் தேர்வாய் கண்டிகைக்கே போய்ச் சேர்ந்தது. பெயிண்ட் பகுதியில் ஸ்ப்ரே நின்றது. தள்ளுவண்டி ஒன்று நின்றது. அந்த அமைதியில், மூடிகளுக்கு அந்தப் பக்கமிருந்து வேப்பம்பட்டின் குரல் மட்டும் சாவகாசமாக வந்தது.

"தெரியும்டி."

அக்கா காதிலிருந்த பேனாவை எடுத்தார். அரை மணி நேரத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் மேசைக்கு மாறிவிட்டேன். ஜன்னல் ஓரம், நாற்காலி உண்டு, தின்னர் வாசனை வராது. மாற்றத்துக்கான ஃபார்மில் காரணம் என்ற இடத்தில் அவர் "எக்ஸ்ப்ளிசிட்லி சொன்னார்" என்று மட்டும் எழுதியிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டு அலுவலகத்திலிருந்து ஃபார்ம் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் கர்ப்பம் என்று சேர்த்தார்.

வீட்டில் மாமியாரிடம் மறைக்க முடியவில்லை. அவர் திட்டவில்லை. உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு, திருஷ்டி கழிக்க வேண்டும், எத்தனை பேர் காதில் விழுந்தது என்று மட்டும் கேட்டார். இரண்டு பேர் என்றேன். எல்லாவற்றையும் எக்ஸ்ப்ளிசிட்டாகச் சொல்ல முடியுமா?

பிறகு ஒவ்வொரு வாரமும் அக்கா ஸ்டிக்கர் மேசைக்கு வந்து, இருக்குதா என்று கேட்பார். இருக்கிறது என்று நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் நகர மாட்டார். முதல் கரு போன அதே எட்டாவது வாரம் அப்படிச் சொன்னபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்பதாவது வாரம் கொஞ்சம் எளிதாக இருந்தது. இருபதாவது வாரத்தில் நானே அவரைக் கூப்பிட்டு, உதைக்கிறது அக்கா என்றேன். எந்தப் பக்கம் என்றார்.

ஏழு மாதம் முடிந்து நான் வேலையை விட்டு நின்ற நாளில் பெண்கள் கேன்டீனில் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். லைனுக்குள் வளையல் கூடாது, மூடியில் கீறும். அதனால் அக்காவே முதல் வளையலைப் போட்டு, பத்து நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, அவரே எல்லாவற்றையும் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். இரண்டு உடைந்தன. சகுனம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். கை வீங்கியிருக்கிறது, அதுதான் உடைந்தது, அவ்வளவுதான் என்றார்.

மாலையில் பஸ் வரை கூட வந்தார். நான் ஒப்பந்தத்தில் இருந்தவள். நின்றால் நின்றதுதான், விடுப்பெல்லாம் கிடையாது. ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. வீட்டில் நான் வெறும் மருமகள். அங்கே நான் கெமிஸ்ட்ரி. பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அக்கா, கொழந்தைக்கு ஆறு மாசம் ஆனதும் வந்தா, என்னத் திரும்ப எடுத்துப்பாங்களா?"

அவர் பஸ் டயரைப் பார்த்தார். காதிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பாக்கலாம்மா" என்றார்.

நான் காத்திருந்தேன். இப்போது திருத்திக்கொள்வார் என்று நினைத்தேன். எக்ஸ்ப்ளிசிட்டாகச் சொல்லுங்கள் அக்கா என்று அவருடைய சொல்லை அவருக்கே திருப்பித் தர எனக்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பப்பாளியைத் தின்ற முகம் இல்லை அது.

"போய்ட்டு வரேங்க்கா" என்றேன்.

"வா" என்றார்.

மகளுக்கு இப்போது நான்கு வயது. அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இது காய்ச்சலா, வெயிலா என்று எனக்குத் தெரிவதில்லை. மேசை ஓரம் மறுபடியும் நிரம்பிக் கிடக்கிறது. அக்கா எனக்காக மேலே கேட்டுப் பார்த்தாரா, கேட்காமலே சொன்னாரா, அவருடைய நைனாவுக்குக் கிடைத்த அதே சொல்லை எனக்குக் கொடுத்தோமே என்று வருந்தியிருப்பாரா, இவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆறு மாதம் ஆனதும் நான் அந்த ஆலைக்குப் போகவும் இல்லை, ஃபோன் செய்யவும் இல்லை. அது எதற்கும் தேவை இருக்கவில்லை. வேறு மாதிரி நினைத்துக்கொள்ள அந்த "பாக்கலாம்" என்ற சொல்லில் அவர் சந்து விடவில்லை.